பழிக்கும் படத்துக்கும் இடையே ஒரு சிசுவின் மூளை

ஐந்தாறு மாதங்களாகியும் கழுத்து நிலைக்காத குழந்தை. ஒரு வயதாகியும் தானாக இருக்கமாட்டாத குழந்தை. ஒரு கையை மட்டும் எப்போதும் பொத்தியே வைத்திருக்கும் குழந்தை. இத்தகைய குழந்தையொன்று வீட்டில் இருந்துவிட்டால், நமது ஊர்களில் எழும் முதற் கேள்வி “யாரால் வந்தது?” என்பதேயாகும். என்ன நோய் என்ற கேள்வி அதன் பின்னர்தான் வரும். கிரகணத்தன்று கர்ப்பிணி முற்றத்தில் இறங்கினாள் என்பார் ஒருவர். மருத்துவிச்சியின் கைப்பிழை என்பார் இன்னொருவர். ஆயுதம் போட்டு எடுத்ததால் தலை நசுங்கிவிட்டது என்பார் மூன்றாமவர். சாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு தாயின் கிரகபலனையே குற்றஞ்சாட்டுவோரும் உளர். எந்த வழியாகச் சென்றாலும் பழி இறுதியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான். அது பெற்றவளின் மடி.

நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில், வாசகர் கடிதங்களில் இந்தப் பழியின் பல வடிவங்களைக் கண்டிருக்கிறேன். கடிதம் எழுதிய தாய்மாரிற் பலர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. “நான் ஏதும் பிழை விட்டேனா?” என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 160 ஆண்டுகள் நீண்டது. அவ்வரலாற்றின் பிற்பகுதி, உயிரோடுள்ள சிசுவின் மூளையைப் படம் பிடிக்க மனிதன் கற்றுக்கொண்ட கதையாகும். அதனைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கதையை உடுவிலிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

சொற்கள் பிறந்த ஊர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று ஊர்கள் உடுவில், மானிப்பாய், இணுவில். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிசனரிமார் இவ்வூர்களில் காலூன்றினர். உடுவிலில் 1824 இல் ஹரியற் வின்சுலோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை இன்றும் உடுவில் மகளிர் கல்லூரியாக இயங்கிவருகின்றது. அவருடைய கணவர் மைரன் வின்சுலோ பின்னர் சென்னைக்குச் சென்று 1862 இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி, 67,000 க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது.

அயலூராகிய மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பணிபுரிந்தார். 1847 இல் இலங்கைக்கு வந்த கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்தவர். அவருடைய முயற்சியால் வெளிவந்த நூல்களில் ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலும், ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883 இலும் அச்சேறின. அங்காதிபாதம் என்பது உடலின் அமைப்பை விளக்கும் நூல். சுகரணம் என்பது அதன் இயக்கத்தை விளக்குவது. உடலின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை, மூளை உட்பட, யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் தம் தாய்மொழியிலேயே அக்காலத்திற் படித்தார் என்பது சிறிய செய்தியன்று.

மூன்றாவது ஊராகிய இணுவில், இன்றைய நிர்வாகப் பிரிவின்படி உடுவில் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. அங்கே 1898 இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் தனியாக மக்லியோட் வைத்தியசாலை நிறுவப்பட்டது. மேரி லீச், மார்கரெட் லீச் என்னும் சகோதரிகள் அதற்காக வெளிநாடுகளில் நிதி திரட்டினர். இசபெல்லா கர் என்னும் பெண் வைத்தியர் அதனை முன்னின்று நடத்தினார். ஆண் வைத்தியரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காகப் பெண் வைத்தியரும் பெண் தாதியரும் இருந்த வைத்தியசாலை அது. குடாநாட்டின் பல தலைமுறையினர் “நான் இணுவில் ஆஸ்பத்திரியிற் பிறந்தவன்” என்று சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வாறு, பிரசவத்தைப் பற்றிய தமிழ் நூலும் பிரசவத்துக்கான தனி வைத்தியசாலையும் ஒரு சில மைல் சுற்றளவுக்குள் தோன்றிய அதே காலத்தில், கடல் கடந்த ஐரோப்பாவில் ஒரு பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கைகால்கள் ஏன் விறைக்கின்றன என்பதே அவ்விவாதம்.

லிட்டிலும் பிராய்டும்

மானிப்பாயின் ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்து நான்கு ஆண்டுகளின் பின், 1861 இல், இலண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தின் முன் வில்லியம் ஜோன் லிட்டில் ஓர் ஆய்வுரையை நிகழ்த்தினார். சிறு வயதில் நோயினால் கால் ஊனமுற்றவர் லிட்டில். கைகால் விறைத்த குழந்தைகளைப் பல ஆண்டுகளாக அவதானித்த அவர், நீண்ட பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்செடுக்கத் தாமதித்தல் ஆகியவற்றோடு இந்நிலை தொடர்புபட்டுள்ளது என்றார். சேக்சுபியரின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனைக்கூட அவர் உதாரணங் காட்டினார். அதன் பின் பல காலம் இந்நோய் ‘லிட்டிலின் நோய்’ என்றே வழங்கிற்று. இன்று நாம் அதனை மூளைமுடக்குவாதம் என்கிறோம்.

லிட்டிலின் கூற்றில் உண்மை இருந்தது. ஆனால் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது அதன் பாதியைத்தான். குற்றம் பிரசவ அறையில் நிகழ்ந்தது. ஆகவே குற்றவாளியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது.

இதனைச் சந்தேகித்தவர், பிற்காலத்தில் முற்றிலும் வேறொரு துறையிற் புகழ்பெற்ற ஒருவர். உளப்பகுப்பாய்வின் தந்தையெனப்படும் சிக்மண்ட் பிராய்ட், அதற்கு முன் வியன்னாவில் குழந்தைகளின் நரம்பு நோய்களை ஆராய்ந்த வைத்தியராக இருந்தார். 1897 இல் சிறுவரின் மூளைவாதம் பற்றிப் பெருநூலொன்றை எழுதினார். கடினமான பிரசவம் நோயின் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கருவிலேயே சிசுவின் வளர்ச்சியைப் பாதித்த ஏதோவொன்றின் விளைவாகவே அப்பிரசவம் கடினமாகியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து.

யார் சொன்னது சரி? அன்று தீர்ப்புக் கூற வழியிருக்கவில்லை. உயிரோடிருக்கும் குழந்தையின் மண்டையோட்டுக்குள் எட்டிப் பார்க்க எவராலும் இயலவில்லை. இறந்த குழந்தையின் மூளையை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது முடிவு மட்டுமே. அது எப்போது தொடங்கியது என்பது தெரியவில்லை.

உச்சிக்குழி என்னும் சாளரம்

இணுவில் வைத்தியசாலை தோன்றுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1895 இல், றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அது எலும்பைக் காட்டியது. எலும்புக்குள் இருந்த மூளையைக் காட்டவில்லை. 1918 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வோல்ற்றர் டன்டி ஓர் உபாயங் கண்டார். மூளையின் உள்ளறைகளிலுள்ள நீரை ஊசியால் வெளியேற்றி, அதற்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். காற்று நிரம்பிய அறைகளின் வடிவம் படத்தில் விழுந்தது. இச்சோதனை முதலில் குழந்தைகளுக்கே செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. குழந்தையின் உச்சிக்குழி இன்னும் மூடாதிருப்பதால், எலும்பைத் துளைக்காமலே ஊசியைச் செலுத்தலாம். ஆனால் அது கடும் வலியும் ஆபத்தும் நிறைந்த முறை. மூளையின் சதையை அது காட்டவுமில்லை.

அரை நூற்றாண்டின் பின், 1971 ஒக்டோபர் 1 ஆம் நாள், இலண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதலாவது நோயாளியின் மூளை சீ.ரீ. ஸ்கான் மூலம் படம் பிடிக்கப்பட்டது. கருவியை அமைத்தவர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட். இசைத்தட்டுகளால் உலகப் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் அவர். 1979 இல் நோபல் பரிசு அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

குழந்தை வைத்தியத்தில் இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1978 இல் லூ-ஆன் பபீல் என்னும் பெண் வைத்தியரும் அவருடைய குழுவினரும், 1,500 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்த 46 சிசுக்களின் மூளையைப் படம் பிடித்தனர். அவர்களில் 20 பேரின் மூளைக்குள் இரத்தக்கசிவு இருந்தது. சில சிசுக்களில் வெளிக்குறி எதுவுமே இருக்கவில்லை. அமைதியாக உறங்கிய குழந்தைகளின் மூளையில் இரத்தம் கசிந்திருந்ததை எந்தத் தாயும் தாதியும் வைத்தியரும் வெளியிலிருந்து கண்டிருக்க முடியாது.

அதையடுத்து, அதே உச்சிக்குழியின் வழியே ஒலியலைகளைச் செலுத்திப் பார்க்கும் ஸ்கான் முறை வந்தது. டன்டி ஊசி செலுத்திய சாளரத்தின் வழியே இப்போது வலியற்ற ஒலி சென்றது. தொட்டிலை விட்டு அகற்றாமலே சிசுவின் மூளையைப் பார்க்க முடிந்தது. 1970 களில் போல் லோற்றபரும் பீற்றர் மான்ஸ்பீல்டும் வளர்த்தெடுத்த காந்தப் படமுறையான எம்.ஆர்.ஐ., 1980 களிலிருந்து மூளையின் நுண்மையான அமைப்பையும் தெளிவாகக் காட்டத் தொடங்கியது. அவ்விருவருக்கும் 2003 இல் நோபல் பரிசு கிடைத்தது.

போத்தல் விளக்கின் பத்தாண்டு

1990 முதல் 1999 வரையான காலத்தை ‘மூளையின் பத்தாண்டு’ என்று அமெரிக்கா பிரகடனஞ் செய்தது. மூளை ஆராய்ச்சிக்குப் பெரும் ஊக்கம் கிடைத்த ஆண்டுகள் அவை. அதே பத்தாண்டு உடுவிலில் எப்படியிருந்தது என்பதை அங்கு வாழ்ந்தோர் மறக்கமாட்டார்கள்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் திரும்பி வரவில்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்து எரித்த விளக்கொளியிற் பிள்ளைகள் படித்தார்கள். அதே ஒளியிற் பிரசவங்களும் நடந்தன. மருந்து தட்டுப்பாடு, எரிபொருள் இல்லை, இரவில் வலி கண்ட பெண்ணைச் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டிய நிலை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றது. அந்தச் சனத்திரளில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் பச்சை உடம்புக்காரிகளும் இருந்தார்கள்.

அக்காலத்திற் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேரின் மூளைக்கு ஒட்சிசன் போதாமற்போனது என்பதை எந்த ஸ்கானும் பதிவு செய்யவில்லை. ஆனால் அக்குழந்தைகளைப் பெற்றவர்கள்மீது பழி மட்டும் வழக்கம்போலப் பதிவாயிற்று. போர் செய்த வேலைக்குத் தாயின் நாட்பொருத்தத்தைக் குறைகூறிய வீடுகள் உண்டு.

படம் ஒரு கல்வெட்டு

லிட்டிலுக்கும் பிராய்டுக்கும் இடையிலான வழக்குக்கு இனி வருவோம். முதலில் வந்த சாட்சியம் படமன்று, கணக்கு. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 54,000 கர்ப்பங்கள் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்யப்பட்டு, பிறந்த குழந்தைகள் ஏழு வயதுவரை அவதானிக்கப்பட்டனர். கரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பேர்க்கும் இத்தரவுகளை ஆராய்ந்து 1986 இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்கவைத்தது. மூளைமுடக்குவாதமுள்ள குழந்தைகளிற் பெரும்பான்மையோருக்குப் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணமாக இருக்கவில்லை.

அடுத்து வந்த சாட்சியம் எம்.ஆர்.ஐ. படம். இங்கே வரலாற்று மாணவர் எவரும் இரசிக்கக்கூடிய ஒரு நுட்பம் உள்ளது. கல்வெட்டில் எழுத்தின் வடிவத்தை வைத்து அது எந்த நூற்றாண்டுக்குரியது என்று சொல்கிறோம் அல்லவா? சிசுவின் மூளையிலுள்ள காயத்தின் இடமும் வடிவமும் அவ்வாறே அது ஏற்பட்ட காலத்தைச் சொல்லுகின்றன. கர்ப்பத்தின் முதற் பாதியில் ஏற்படும் பாதிப்பு, மூளை உருவாவதிலேயே குறையை உண்டாக்கும். ஏறத்தாழ 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையில் ஏற்பட்டால், மூளையின் உள்ளறைகளைச் சூழ்ந்த வெண்பொருள் காயப்படும். நிறைமாதத்தை அண்டிய வேளையில் ஒட்சிசன் திடீரென அற்றுப்போனால், மூளையின் ஆழத்திலுள்ள சாம்பற்பொருட் கணுக்கள் பாதிப்புறும். காயம் தன் திகதியைத் தானே எழுதிவைக்கின்றது.

ஐரோப்பாவின் பல நிலையங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மூளைமுடக்குவாதமுள்ள 351 பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்து 2006 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 42.5 சதவீதத்தினரிடம் காணப்பட்டது முதிராத மூளையின் வெண்பொருட் சேதம். ஆழ்கணுக்களின் சேதம் 12.8 சதவீதத்தினரிடம் மட்டுமே இருந்தது. 11.7 சதவீதத்தினரின் படத்தில் குறை எதுவுமே தெரியவில்லை. வேறு வகையாகச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகளின் கதை பிரசவ அறைக் கதவு திறப்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1897 இல் பிராய்ட் ஊகித்தது பெருமளவுக்குச் சரியென்று தெரிந்தது.

ஆயினும் லிட்டில் பொய்த்துவிட்டார் என்று முடிவுகட்டலாகாது. மேலே சொன்ன கணக்குகள் வசதி படைத்த நாடுகளின் கணக்குகள். பிரசவ அறையில் தேர்ந்த கைகள் இல்லாத இடங்களில், பிறப்பு நேர மூச்சுத்திணறல் இன்றும் சிசுக்களின் உயிரையும் மூளையையும் வாங்கிவருகின்றது. அதற்கு எதிராக மேலைநாடுகள் ஒரு மருந்தைக் கண்டன. அந்த மருந்து நமது மண்ணில் என்ன செய்தது என்பது அண்மைக்கால மருத்துவ வரலாற்றின் முக்கியமான அத்தியாயங்களில் ஒன்று.

சென்னையும் றாகமவும் சொன்ன செய்தி

மூச்சுத்திணறிப் பிறந்த சிசுவின் மூளை உடனடியாக முழுவதும் அழிந்துவிடுவதில்லை. சில மணிநேரத்தின் பின் இரண்டாவது அலையாக அழிவு தொடரும். இந்த இடைவெளிக்குள், பிறந்து 6 மணிநேரத்துக்கு முன்பாக, சிசுவின் உடலைக் குளிரூட்டி 33.5 பாகை செல்சியசில் 72 மணிநேரம் வைத்திருந்தால் இரண்டாவது அழிவைத் தணிக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டனர். 2005 இலும் 2009 இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தின. குளிரூட்டப்பட்ட குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களிலும் காயம் குறைவாகவே தெரிந்தது. செல்வந்த நாடுகளில் இது வழமையான சிகிச்சையாயிற்று.

நமது நாடுகளிலும் அப்படியே செய்துவிடலாம் என்று பலர் எண்ணினர். சிலர் செய்யவும் தொடங்கினர். ஆனால் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த சுதின் தையில் தலைமையிலான குழுவினர், முதலிற் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றனர். ‘ஹீலிக்ஸ்’ எனப்பட்ட அச்சோதனை 2015 ஓகஸ்ட் முதல் 2019 பெப்ரவரி வரை இந்தியா, இலங்கை, பங்களாதேசம் ஆகிய மூன்று நாடுகளில் நடைபெற்றது. சென்னை எழும்பூரும் இலங்கையின் றாகமவும் அதில் இடம்பெற்றன. 408 சிசுக்கள் சேர்க்கப்பட்டனர். 202 பேர் குளிரூட்டப்பட்டனர், 206 பேருக்கு வழமையான பராமரிப்பு வழங்கப்பட்டது.

2021 இல் முடிவு வெளிவந்தது. இறப்பு அல்லது கடும் ஊனம் என்ற அளவுகோலில் இரு பிரிவினருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை. குளிரூட்டப்பட்டவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது நிலைமை அதனினும் மோசம். குளிரூட்டப்பட்ட சிசுக்களில் 84 பேர் இறந்திருந்தனர். மற்றப் பிரிவில் 63 பேர். இலண்டனில் உயிர் காத்த சிகிச்சை, எழும்பூரில் உயிரைக் காக்கவில்லை. எம்.ஆர்.ஐ. அளவீடுகளிலும் குளிரூட்டல் மூளைச் சேதத்தைக் குறைத்தமைக்குச் சான்று இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் முக்கியமானது, காயத்தின் திகதி பற்றியது. இங்குள்ள சிசுக்களின் படங்களில் வெண்பொருட் சேதம் பரவலாகக் காணப்பட்டது. திடீர் விபத்தைவிட, பிறப்புக்கு முன்பே மெல்ல மெல்ல நீடித்த ஒட்சிசன் குறைவையே அது சுட்டுகிறது. தாயின் இரத்தக்குறைவு, போசாக்கின்மை, கிருமித்தொற்று, நீண்ட பிரசவத்தைக் கண்காணிக்க ஆளில்லாமை என்பன அதன் பின்னால் இருக்கக்கூடும். 6 மணிநேரச் சாளரம் குழந்தை பிறக்கும் முன்பே மூடிவிட்டிருந்தால், பிறந்தபின் குளிரூட்டிப் பயனென்ன?

இதனை நான் தோல்வியின் கதையாகக் கருதவில்லை. தமிழ்த் தாய்மாரின் குழந்தைகளைப் பற்றிய உண்மை, அக்குழந்தைகளையே ஆராய்ந்து அறியப்பட்ட கதை இது. அண்மையில் இத்திசையில் இன்னொரு படியும் வைக்கப்பட்டுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் பெயரில், கருவின் இரண்டாம் மும்மாதக் காலத்து மூளையின் வரைபடத்தை வெளியிட்டது. 5,132 மெல்லிய வெட்டுகளைப் படமாக்கி, கலம் கலமாகப் பார்க்கக்கூடிய வகையில் அமைக்கப்பட்ட அந்த வரைபடம், உலகின் எந்த ஆய்வாளருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டுள்ளது. காயம் பெரும்பாலும் கருவிலேயே தொடங்குகிறதென்றால், காயமுறாத கருவின் மூளை எப்படியிருக்கும் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

காயம்பட்ட மூளை கற்குமா?

பழியைப் பற்றி இவ்வளவு பேசினோம். பெற்றோரின் அடுத்த கேள்வி, “இனி என்ன?” என்பது.

1930 களில் மார்கரெட் கென்னாட் என்னும் பெண் ஆய்வாளர், குட்டிக் குரங்குகளின் மூளைக் காயம் வளர்ந்த குரங்குகளின் காயத்தைவிட நன்றாக ஈடுசெய்யப்படுவதைக் கண்டார். இளம் மூளை எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பரவியது. கனடாவின் டொனால்ட் ஹெப் அதனை மறுத்தார். இனிமேற் கற்கவேண்டிய மூளை காயப்படுவது, கற்றுமுடித்த மூளை காயப்படுவதைவிடக் கேடானதாகவும் அமையலாம் என்றார். படங்கள் வந்தபின் இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்று தெரிகின்றது. பிறக்கும் வேளையில் இடப்பக்க மூளையிற் பக்கவாதம் ஏற்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபின், அவர்களின் மூளை பேச்சைக் கையாளும் விதத்தை எலிசா நியூபோர்ட் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் படம் பிடித்தனர். 2022 இல் அவர்கள் அறிவித்த செய்தி வியப்பானது. மொழி வலப்பக்கத்திற்கு இடம்மாறி, கண்ணாடியிற் தெரியும் பிம்பம்போல நேரெதிர் இடங்களில் அமர்ந்திருந்தது. அப்பிள்ளைகள் இயல்பாகப் பேசினார்கள். ஆனால் மூளையின் இரு பக்கமும் பரவலாகச் சேதமுற்றால் குடிபெயர இடமிருக்காது. அக்குழந்தைகளுக்குக் கடினமான பாதைதான். பொய் நம்பிக்கை ஊட்டுவதும் ஒருவகைக் கொடுமை.

எதுவாயினும், பயிற்சி எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை உண்டு என்பதில் மருத்துவர்களிடையே கருத்தொற்றுமை உள்ளது. விரைவாகத் தொடங்க, விரைவாகக் கண்டறிய வேண்டும். முன்பு ஒன்றரை, இரண்டு வயதில்தான் மூளைமுடக்குவாதம் என்று உறுதியாகச் சொல்வார்கள். அயோனா நோவக்கும் அவருடைய சகாக்களும் 2017 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, ஐந்து மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டறியலாம் என்று காட்டியது. ஆபத்துள்ள குழந்தைகளை இனங்காண்பதில் எம்.ஆர்.ஐ.யின் திறன் 86 முதல் 89 சதவீதம். இன்னொரு முறையின் திறன் 98 சதவீதம்.

அந்த இன்னொரு முறைக்குக் கருவி வேண்டியதில்லை. ஒஸ்திரியாவில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் வளர்த்தெடுத்த முறை அது. விழித்திருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவிட்டு, அது தன்பாட்டில் கைகால்களை அசைப்பதைச் சில நிமிடங்கள் வீடியோவில் பதிவுசெய்து, பயிற்சி பெற்ற ஒருவர் உற்றுநோக்குவார். மூன்று முதல் ஐந்து மாத வயதில், கைகால், கழுத்து, இடுப்பு எங்கும் சிறு சிறு அசைவுகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவை இல்லையெனில் மூளையில் ஏதோ பிசகு. கோடிக்கணக்கில் விலைபோகும் காந்தக் கருவியைவிட, பயின்ற மனிதக் கண் கூர்மையாக இருக்கின்றது. இரண்டும் சேர்ந்தால் மேலும் நன்று.

இங்கே இன்னொரு கண்ணையும் நினைவுகூர வேண்டும். 1950 களில் இங்கிலாந்தின் றொச்போர்ட் வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலிற் கொண்டுபோய் வைத்துவந்த வார்ட் என்னும் தாதி, வெளிச்சம் பட்ட தோலில் செங்கமாரியின் மஞ்சள் மறைவதையும், துணியால் மூடியிருந்த இடம் மஞ்சளாகவே இருப்பதையும் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததே நீல ஒளிச் சிகிச்சை. கடும் செங்கமாரி மூளையின் ஆழ்கணுக்களைப் பழுதாக்கி வாழ்நாள் ஊனத்தை உண்டாக்கவல்லது. காலத்தே ஒரு விளக்கின் கீழ் வைத்தால் தடுத்துவிடலாம்.

உடுவிலுக்கு என்ன வேண்டும்?

இலங்கையில் 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதுகளின் சேவை படிப்படியாக வளர்ந்தது. இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. சிசு மரணவீதம் 1,000 பிறப்புக்கு 10 இற்கும் குறைவு. ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ச்சிப் பதிவேடு வழங்கப்படுகின்றது. இவை எளிதில் வாய்த்தவையல்ல. இணுவிலின் பெண் வைத்தியர்களிலிருந்து போத்தல் விளக்கடியில் பணிபுரிந்த பெயரறியாத் தாதியர்வரை பலரின் உழைப்பு அதில் உண்டு.

மூளைக் காயத்தைத் தடுப்பதற்கான முதல் வேலை அங்கேதான் இருக்கின்றது. கர்ப்பிணியின் இரத்தக்குறைவைத் தீர்ப்பது, பிரசவத்தை இடைவிடாது கண்காணிப்பது, மூச்செடுக்கத் தாமதிக்கும் சிசுவுக்கு முதல் நிமிடத்திலேயே உதவுவது, செங்கமாரியை விளக்கின் கீழ் மாற்றுவது ஆகியவற்றுக்குப் பெருஞ் செலவில்லை. ஸ்கான் இயந்திரம் இவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

இன்னுமொரு குறை உண்டு. அது மொழி பற்றியது. தம் பிள்ளையின் எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் நிற்கும் பெற்றோரை நான் அறிவேன். ஒரு பக்க ஆங்கிலத்தில், தாம் குற்றவாளியா இல்லையா என்ற தீர்ப்பு அடங்கியிருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். பெரும்பாலும் அந்த அறிக்கை அவர்களை விடுவிக்கவே செய்கிறது. ஆனால் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. 150 ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் மனித உடல் முழுவதையும் தமிழிற் சொல்ல முடிந்ததென்றால், இன்று ஒரு படத்தின் பொருளைப் பத்து வரிகளில் தமிழிற் சொல்வது முடியாத காரியமன்று. வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் புலம்பெயர்ந்து வாழும் தமிழ் மருத்துவர்களும் மனம் வைத்தால் விரைவில் ஆகக்கூடிய பணி இது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ நான்கு மாதமாகியும் கழுத்து நிலைக்காத குழந்தை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தை, உடல் விறைத்தோ துவண்டோ இருக்கும் குழந்தை இருந்தால், “பிந்தித் தேறும், பொறுத்திருங்கள்” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். கிளினிக்குக்கு அனுப்புங்கள். அந்தக் குழந்தையின் தாயிடம், கர்ப்பகாலத்தில் என்ன செய்தாய், என்ன சாப்பிட்டாய், எங்கே போனாய் என்று விசாரிக்காதீர்கள். அவள் கேட்கும் “நான் ஏதும் பிழை விட்டேனா?” என்ற கேள்விக்கு, 160 ஆண்டு ஆராய்ச்சியின் பின் “இல்லை, பிள்ளை” என்று சொல்லும் துணிவு நமக்கு வந்திருக்க வேண்டும்.